இடது இடுப்பு, நாற்பத்து நான்கு டிகிரி

1

இந்தக் கதை என் முதுகுவலியில் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சிலருக்குக் கதை கனவில் வருமாம், சிலருக்குப் பேருந்தின் ஜன்னலோரத்தில். எனக்கு இருபத்தெட்டு வருடம் நாற்காலியில் உட்கார்ந்து எழுதிய பலனாக இடுப்புக்குச் சற்று மேலே வந்தது. ஒருநாள் காலை, கீழே விழுந்த பேனா மூடியை எடுக்கக் குனிந்தவன் நிமிர முடியாமல் அப்படியே நின்றுவிட்டேன். வீட்டில் வேறு யாரும் கிடையாது. கூப்பிட்டால் காதில் விழுகிற தூரத்திலும் யாரும் கிடையாது. முக்கால் மணி நேரம் ஒரு கேள்விக்குறி மாதிரி நின்றபடி அந்த மூடியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எலும்பு மருத்துவர் படத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். மாத்திரையால் ஆகிற காரியம் இல்லை, தசை இருக்க வேண்டிய இடத்தில் உங்களுக்கு வெறும் ஆசாபாசம்தான் இருக்கிறது என்றார். ஒரு விலாசம் எழுதிக் கொடுத்தார். கோல்ஃப் ஆடுகிறவர்களுக்கு உடம்பை வலுப்படுத்திக் கொடுக்கிற ஒரு பெண்மணி. நான் கோல்ஃப் ஆடுகிறவன் இல்லையே என்றேன்.

"அது உங்க முதுகுக்குத் தெரியாது," என்றார்.

எனவே கோல்ஃப் மட்டையைக் கையால் தொட்டுக்கூடப் பார்க்காத ஒருவன்தான் உங்களுக்கு இந்தக் கதையைச் சொல்லப்போகிறான். சின்ன வெள்ளைப் பந்தை நீண்ட மட்டையால் அடித்து, தூரத்தில் புல்லுக்குள் இருக்கும் குழியில் விழவைக்க வேண்டும். குறைந்த அடிகளில் விழவைத்தவர் ஜெயித்தவர். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இந்தக் கதைக்கு அதற்கு மேல் வேண்டியதும் இல்லை.

2

தொடக்கம் மூன்று முறை எழுதினேன்.

முதலாவது: "காலை ஆறு மணிக்கு அவள் இரும்பு ஷட்டரைத் தூக்கியபோது தெருவில் ஈரம்…" நிறுத்திவிட்டேன். எந்தக் கதையில்தான் காலையில் கதவு திறக்கவில்லை.

இரண்டாவது: "உடம்பு பொய் சொல்லாது." கேட்க நன்றாக இருக்கிறது, காலண்டரில் அச்சடிக்கலாம். ஆனால் அது உண்மையில்லை. என் உடம்பு தினமும் காலையில் இன்று எழுந்திருக்க முடியாது என்று என்னிடம் பொய் சொல்கிறது.

மூன்றாவது: "அவளுடைய தங்கை, தொலைக்காட்சியில், பந்தை எடுக்கக் குனிந்தாள்." இதுதான் சரியான இடம். கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஆனால் யார் அவள், யார் தங்கை, குனிந்தால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். அதனால் இரண்டு எட்டு பின்னால் வைக்கிறேன்.

3

துணி வெளுக்கும் கடைக்கும் மோட்டார் உதிரிப்பாகக் கடைக்கும் நடுவில், தரைமட்டத்துக்கு ஐந்து படி கீழே இருக்கிறது அந்த அறை. தரை முழுக்கக் கறுப்பு ரப்பர் விரிப்பு. சுவரில் ஒரே உயரத்தில் வட்டவட்டமாகக் கறை. கனமான பந்துகளை வருடக்கணக்கில் அங்கே எறிந்ததால் வந்தது. ஒரு மூலையில் எடைத் தட்டுகள். இன்னொரு மூலையில் சத்தம் அணைத்து வைத்த தொலைக்காட்சி. நாற்காலி ஒன்றே ஒன்று. உட்காருவதற்காக இங்கே யாரும் வருவதில்லை என்பது அதன் பொருள்.

வருகிறவர்கள் எல்லாரும் அவளை 'மாஸ்டர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். நானும் அப்படித்தான். கதையில் மட்டும் அக்கா என்று எழுதுகிறேன். அவளைவிட நான் பன்னிரண்டு வயது பெரியவன் என்றாலும், அவள் வாழ்க்கையில் மிக நீண்ட காலம் பார்த்த உத்தியோகம் அதுதான். (நேரில் 'நீங்க, வாங்க' என்பேன். எழுதும்போது 'அவர்' போட்டுப் பார்த்தேன். ஆள் உடனே நாலு அடி தள்ளிப் போய்விடுகிறார். பக்கத்தில் இருக்க வேண்டுமென்றால் 'அவள்'தான். மன்னிக்கவும், மாஸ்டர்.)

அக்கா ஒரு காலத்தில் பளுதூக்கும் வீராங்கனை. தன் எடையைவிட இருபது கிலோ அதிகமாகத் தலைக்கு மேல் தூக்கி நின்றவள். இருபத்தொரு வயதில் வலது மணிக்கட்டு முறிந்தது. அதோடு அந்தக் கணக்கு முடிந்தது. அம்மா முன்பே போய்விட்டாள். அப்பா ஒரு கோல்ஃப் மைதானத்தில் புல்வெட்டும் வண்டி ஓட்டினார். அக்காவைவிடப் பதினொரு வயது சின்னவளான தங்கை, அந்த வண்டிக்குப் பின்னாலேயே நடந்து, தொலைந்துபோன பந்துகளைப் பொறுக்கி, யாரோ தூக்கிப்போட்ட மட்டையின் பிடியை அறுத்துச் சின்னதாக்கி அடித்துப் பழகினாள். பதினோரு வயதில் அந்தக் கைகளில் ஏதோ இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அந்த வருடமே அப்பா மாரடைப்பில் இறந்தார். அப்போது அக்காவுக்கு இருபத்திரண்டு.

மட்டை பிடிக்கச் சொல்லிக்கொடுக்க மைதானத்தில் ஓர் ஆசிரியர் இருந்தார். உடம்பை அக்கா எடுத்துக்கொண்டாள்.

பந்தைக் கை அடிப்பதாகத்தான் நாம் நினைக்கிறோம். அக்கா கேட்டால் சிரிப்பாள். அடிப்பது தரை. பாதம் தரையைத் தள்ளுகிறது, தள்ளியது காலில் ஏறி இடுப்பைத் திருப்புகிறது, இடுப்பு முதுகை இழுக்கிறது, முதுகு தோளை, தோள் கையை. கை வெறும் தபால்காரன், கடைசியில் கொண்டுபோய்க் கொடுப்பது மட்டும்தான் அதன் வேலை. ஒன்றரை நொடிகூட ஆகாது. அதற்காக ஆறு நாள் வேலை. ஒருநாள் தரையிலிருந்து பளுவை நிமிர்ந்து தூக்குவது. ஒருநாள் கனமான பந்தைப் பக்கவாட்டில் சுவரில் எறிவது. ஒருநாள் இரண்டு கையிலும் எடையைத் தொங்கவிட்டு, வாளி தூக்குகிற மாதிரி அறையை நாற்பது முறை சுற்றுவது. வேகம் எடுக்கக் கற்பது பாதிதான், எடுத்த வேகத்தை இடது காலில் நிறுத்தக் கற்பது மீதிப் பாதி.

அப்புறம் திங்கட்கிழமை அளவு. தங்கை குப்புறப் படுத்து முழங்காலை மடக்குவாள். அக்கா பாதத்தைப் பிடித்து மெல்ல வெளிப்பக்கமாகச் சாயவிட்டு, இடுப்பு மூட்டு எத்தனை டிகிரி உள்ளே திரும்புகிறது என்று இரண்டு கைகள் வைத்த ஒரு பிளாஸ்டிக் கோணமானியால் அளந்து நோட்டில் எழுதுவாள். வலக்கையால் அடிக்கிறவர்களுக்கு அடி முடியும்போது உடம்பு மொத்தமும் இடது இடுப்பின்மேல் சுழல்கிறது. அந்த இடுப்பு திரும்ப மறுத்தால் அந்த வேலையை முதுகு எடுத்துச் செய்யும். முதுகு ரொம்ப நல்ல மனசுக்காரன், முடியாது என்று சொல்லத் தெரியாது. ஒருநாள் ஒரேயடியாகச் சொல்லும். (என்னிடம் சொன்ன மாதிரி.)

பதினொன்றிலிருந்து இருபத்துநாலு வயது வரை, வருடத்துக்கு ஒன்றாகப் பதிமூன்று நோட்டுகள். அக்கா தங்கையை 'சின்னு' என்று கூப்பிடுவாள். நோட்டின் அட்டைகளிலும் அதுதான் எழுதியிருக்கிறது.

4

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அக்கா துண்டு துண்டாகச் சொன்னாள். அதுவும் நான் பதில் பேச முடியாத நிலையில் இருக்கும்போது மட்டும். முழங்கைகளையும் கால்விரல்களையும் மட்டும் ஊன்றி, உடம்பைப் பலகை மாதிரி ஒரு நிமிடம் தாங்கி நிற்கச் சொல்வாள். என் மூச்சு மேலும் கீழும் வாங்கும். அப்போதுதான் ஆரம்பிப்பாள். கடிதத்தைப் பற்றியும் அப்படித்தான் சொன்னாள். மொத்தம் நாலு நிமிடம், நாலு தவணை.

சின்னுவுக்குப் பத்தொன்பது வயதில், விமானத்தில் போக வேண்டிய ஓர் ஊரிலிருந்து ஒரு பயிற்சிக் கழகத்தின் கடிதம் வந்தது. இரண்டு வருடம் அங்கேயே தங்கிப் பயிற்சி. ஆறு வாரத்துக்குள் பதில் எழுத வேண்டும். கடிதத்தைப் பிரித்தவள் அக்கா. படித்தாள். எடைத் தட்டுகளுக்குப் பின்னால் சொருகினாள். ஆறு வாரம் போயிற்று.

ஐந்து வருடம் கழித்து ஒரு போட்டியில் அந்தக் கழகத்துக்காரர் சின்னுவிடமே கேட்டார், அன்றைக்கே கூப்பிட்டோமே, ஏன் பதில் போடவில்லை என்று. சின்னு வீட்டுக்கு வந்து கேட்டாள். உன் இடுப்பு அப்போது தயாராகவில்லை, போயிருந்தால் உடைத்திருப்பார்கள் என்றாள் அக்கா.

"என் இடுப்பு தயாரா இல்லையான்னு உனக்குத் தெரியும். போகணும்னு எனக்கு ஆசை இருந்துச்சான்னு நீ கேக்கவே இல்லையே?"

அதற்குப் பிறகும் இடுப்பைப் பற்றித்தான் அக்கா பேசினாள். மறுநாள் சின்னு இரண்டு பைகளோடு போனாள். அதில் ஒன்று மட்டைகள் வைக்கிற பை. நாலு வருடமாகிறது. அக்காவின் எண்ணை அவள் போனில் தடுத்துவைத்திருக்கிறாள்.

(இந்தக் காட்சியில் எனக்கு ஒரு தயக்கம். தங்கை சொன்னதை அக்கா சொல்லி, நான் எழுதியது. மூன்று கை மாறிய சாமான். சின்னு இன்னும் மோசமாகவும் பேசியிருக்கலாம். ஒன்றுமே பேசாமல் போயிருக்கவும் கூடும். சின்னுவை நான் தொலைக்காட்சியில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். அவள் பந்துக்கு முன்னால் எப்படி நிற்பாள் என்று தெரியும், அக்காவுக்கு முன்னால் எப்படி நிற்பாள் என்று தெரியாது.)

5

இப்போது அந்த மூன்றாவது தொடக்கம்.

அவளுடைய தங்கை, தொலைக்காட்சியில், பந்தை எடுக்கக் குனிந்தாள்.

மத்தியானம் மூன்று மணி இருக்கும். நான் விரிப்பில் மல்லாந்து கிடந்தேன். அக்கா என் முழங்காலைப் பிடித்திருந்தாள். அவள் கை சட்டென்று அசைவில்லாமல் நின்றது. நான் தலையைத் திருப்பிப் பார்த்தேன். பச்சைப் புல்லில் வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு பெண் குழியிலிருந்து பந்தை எடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு கையால் மட்டையை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் தூக்கி, நாரை மாதிரி சாய்ந்து எடுத்தாள். எனக்கு அது அழகாகத்தான் தெரிந்தது.

"அவ உக்காரல," என்றாள் அக்கா.

யார் என்று கேட்டேன்.

"பந்தை எடுக்க அவ எப்பவும் குத்துக்கால் போட்டு உக்காருவா. சின்னதுலேர்ந்தே அப்படித்தான். இன்னிக்கு உக்காரல."

அடுத்த அடியில் இடது பாதத்தைப் பார்க்கச் சொன்னாள். பந்து போன பிறகு அந்தப் பாதம் கொஞ்சம் வெளிப்பக்கமாக வழுக்கித் திரும்பியது. இடுப்பு திரும்பாததால் பாதம் திரும்புகிறது என்றாள். அந்த நேரத்தில் உலகத்தில் எத்தனை ஆயிரம் பேர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்களோ தெரியாது. கைதட்டினார்கள் என்று கையசைவில் தெரிந்தது. அந்த அறையில் இருந்த இரண்டு பேரில் ஒருத்திக்கு மட்டும் விஷயம் புரிந்தது.

இன்னும் மூன்று வாரம் தாங்கும், அதற்குப் பிறகு படுத்துவிடுவாள் என்று சொல்லிவிட்டு, என் முழங்காலைப் பழையபடி பிடித்துக்கொண்டாள். பத்து எண்ணினாள். ஏழுக்குப் பிறகு மறுபடி ஏழு வந்தது. நான் திருத்தவில்லை.

6

மறுநாள் என் உடம்பைக் கடன் கேட்டாள். இடுப்பைத் திருப்பவைக்கிற ஐந்து பயிற்சிகளைப் படம்பிடித்து சின்னுவுக்கு அனுப்ப வேண்டும், அவளே செய்து காட்டினால் படம்பிடிக்க ஆள் வேண்டும், என்னிடம் கொடுத்தால் நான் கூரையைத்தான் படம்பிடிப்பேன். ஆகவே நான் செய்ய வேண்டும், அவள் படம்பிடிப்பாள். அவள் போனின் கேமரா மங்கலாகிவிட்டதால் என்னுடையதில்.

எழுத்தாளர்கள் தங்கள் உடலைக் கதைக்குக் கொடுப்பதாகப் பெருமையடித்துக்கொள்வதுண்டு. நான் உண்மையிலேயே கொடுத்தேன். அரைக்கால் சட்டையோடு தரையில் உட்கார்ந்து, இரண்டு முழங்காலையும் இடமும் வலமுமாகச் சாய்த்தேன். ஒரு பட்டையை இடுப்பில் மாட்டி இழுத்தேன். ஒற்றைக்காலில் நின்று ஆடிப்போனேன். படத்தில் அக்காவின் முகம் வரவே இல்லை. குரலும், நடுவில் ஒரு முறை என் இடுப்பெலும்பை அழுத்துகிற கையும் மட்டும்தான் வருகின்றன. முதல் இரண்டு பயிற்சிக்கு என்னைப் பார்த்து 'நீங்க' என்று பேசுகிறாள். மூன்றாவதில் "சின்னு, குதிகாலைத் தூக்காதே" என்கிறாள். அது அவளுக்கே தெரியவில்லை. என் குதிகால் தரையில்தான் இருந்தது.

படத்தை அவள் போனுக்கு மாற்றிக் கொடுத்தேன். சின்னுவின் எண்ணுக்கு அவளே அனுப்பினாள். ஒற்றைக் குறி விழுந்தது. போய்ச் சேர்ந்துவிட்டது என்று காட்டுகிற இரண்டாவது குறிக்காகக் கொஞ்ச நேரம் பார்த்தோம். எப்படி வரும்? அக்கா போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள்.

"சரி எந்திரிங்க, இன்னும் ரெண்டு செட் இருக்கு."

7

இந்தப் பகுதி அக்காவுக்குத் தெரியாது.

போன் திரையில் சின்னுவின் எண் எனக்குத் தெரிந்தது. எண்கள் எனக்கு மனதில் நிற்காது, அது மட்டும் நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்து மேஜையில் உட்கார்ந்தேன். என் போனில் அந்தப் படம் இன்னும் இருந்தது. ஒரு குறிப்பு எழுதினேன். பதினோரு முறை திருத்தினேன். கடைசியில் நின்றது இவ்வளவு: "இதை எடுத்தவர் உங்கள் அக்கா. தரையில் இருப்பவன் அவரிடம் பயிற்சிக்கு வருகிறவன். உங்கள் முதுகைப் பற்றி அவர் கவலைப்படுகிறார்."

அனுப்பினேன். இரண்டு குறி விழுந்தது. பதில் வரவில்லை.

ஏன் அக்காவைக் கேட்டுவிட்டு அனுப்பவில்லை? வேண்டாம் என்பாள் என்று தெரியும். அவள் நல்லதுக்குத்தானே என்று… இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தைரியம் இல்லை. இதே வாக்கியத்தை அந்த அறைக்காரியும் முன்பு ஒரு கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு தனக்குள் சொல்லியிருப்பாள்.

8

மூன்று வாரம் என்று சொன்னாளே, பதினெட்டு நாள்தான் தாங்கியது.

அன்று நான் அந்த அறையில் இல்லை. அதனால் இதை நானாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது. வெள்ளிக்கிழமை மத்தியானம், யாரும் வராத நேரம். அக்கா அந்த ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். பதினோராவது குழி. சின்னு அடிக்கிறாள். பந்து போன பிறகு அவள் நிமிரவில்லை. மட்டையை ஊன்றுகோல் மாதிரி பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்து நிற்கிறாள். இரண்டு பேர் ஓடி வருகிறார்கள். கேமராவுக்கும் கொஞ்சம் இங்கிதம் உண்டு போல, மெதுவாக மரங்கள் பக்கம் திரும்பிக்கொள்கிறது. அக்கா முதன்முறையாகச் சத்தத்தைத் திறக்கிறாள். தங்கையின் பெயரை யாரோ அந்நியர்கள் சொல்கிறார்கள். முதுகு என்கிறார்கள். அக்கா அணைத்துவிடுகிறாள்.

பிறகு என்ன செய்திருப்பாள்? அழுதாள் என்று எழுதினேன், அடித்தேன். சுவரில் பந்தை எறிந்தாள் என்று எழுதினேன், அதையும் அடித்தேன். அன்றைய தினத்தைப் பற்றி அவள் என்னிடம் சொன்னது ஒரே வாக்கியம்: "அன்னிக்கு எல்லாப் பிளேட்டையும் தொடச்சேன்." அந்த அறையில் நூற்றுப் பன்னிரண்டு எடைத் தட்டுகள் இருக்கின்றன. நான் எண்ணினேன்.

எட்டு நாள் கழித்து என் போனுக்கு, சின்னுவின் எண்ணிலிருந்து, ஒரு செய்தி வந்தது. "இந்த வீடியோ எடுத்தவங்க நம்பர் அனுப்ப முடியுமா?" அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் அக்காவுக்கு அழைப்பு. பேசியது சின்னுவுக்கு வைத்தியம் பார்க்கும் பிசியோ, ஒரு பெண்.

நான் கொஞ்சம் யோசித்தேன். நீங்களும் யோசிப்பீர்கள். அக்காவின் எண் சின்னுவுக்குத் தெரியாதா? தெரிந்ததால்தானே தடுத்துவைத்தாள். தெரிந்தவள் ஏன் கேட்க வேண்டும்? அப்படியானால் அந்தச் செய்தியை எழுதியது சின்னு இல்லை. போன் வேறு யார் கையிலோ இருந்திருக்கிறது. இதை எத்தனை தடவை புரட்டிப் பார்த்தாலும் எனக்கு வேறு விடை கிடைக்கவில்லை.

மறுநாள் காலை அக்கா வழக்கத்துக்கு மாறாக, நான் நின்றுகொண்டிருக்கும்போதே பேசினாள். முகம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது.

"அவதான் நம்பர் குடுத்திருக்கா. வேற யாருக்குத் தெரியும்?"

நான் குனிந்து ஷூ லேஸைக் கட்டினேன். ஏற்கெனவே கட்டியிருந்த லேஸ். இப்போதெல்லாம் என்னால் வலியில்லாமல் குனிய முடிகிறது, அவள் புண்ணியத்தில்.

9

பிசியோ கேட்டது இதுதான். ஸ்கேனில் இடுப்பு மூட்டின் எலும்பு கொஞ்சம் தடித்திருக்கிறது. அது வளரும் வயதிலிருந்தே அப்படியா, இடுப்பு என்றைக்குமே சரியாகத் திரும்பியதில்லையா? அப்படியென்றால் அறுவை சிகிச்சை, ஒரு வருடம் ஆட்டமில்லை, பழைய ஆட்டம் திரும்புமா என்பதும் நிச்சயமில்லை. இல்லை, முன்பு நன்றாகத் திரும்பி, சமீபத்தில்தான் இறுகியது என்றால் பயிற்சியிலேயே மீட்கலாம். எலும்பு நிலைத்துவிட்ட பத்தொன்பது, இருபது வயதில் எடுத்த அளவு ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது, தேடிப் பார்க்க வேண்டும் என்று அக்கா சொல்லியிருக்கிறாள். தேடுவதற்கு அங்கே ஒன்றுமில்லை. பதிமூன்று நோட்டும் வரிசையாக அலமாரியில் இருக்கின்றன. ஆனாலும் அவள் இரண்டு நாள் தேடினாள்.

மூன்றாம் நாள் என்னை வரச்சொன்னாள். பக்கங்களைப் படம்பிடிக்க வேண்டும். நோட்டுகளை நீளப் பலகையில் அடுக்கி, ஒவ்வொரு பக்கமாக அவள் புரட்ட, நான் எடுத்தேன். பென்சில் எழுத்துகள், சின்னப் பெண்ணாக இருந்தபோது சின்னு ஓரத்தில் கிறுக்கிய பொம்மைகள், "இன்னிக்குக் காய்ச்சல், அளக்கல" என்று ஒரு குறிப்பு. எட்டு நோட்டு அப்படிப் போயிற்று.

ஒன்பதாவதில், நடுவில் ஒரு பக்கத்தின் அடிப்பகுதியில் அக்காவின் கட்டைவிரல் அசையாமல் இருந்தது. மேலே அளவுகள். வலது நாற்பத்தைந்து. இடது நாற்பத்து நான்கு. நன்றாகத் திரும்புகிற இடுப்பு. இந்த எண்ணைப் பார்த்தாலே போதும், சின்னுவுக்குப் புரிந்துவிடும். உன் இடுப்பு தயாராகவில்லை என்று அக்கா சொன்னது… (இதை நான் சொல்ல வேண்டியதில்லை.)

அக்கா விரலை எடுத்தாள். அடியில் சின்ன எழுத்தில் இருந்தது: "கடிதம் வந்தது. அவள் தயார். நான் தயாரில்லை."

நான் படித்துவிட்டேன் என்பது அவளுக்குத் தெரியும். பிசியோவுக்கு மேல்பாதி மட்டும் போதுமே, கீழே வராமல் எடுக்கலாம் என்றேன்.

"முழுப் பக்கம் எடுங்க," என்றாள்.

எடுத்தேன். அடிவரி சரியாக விழாததால் இரண்டாம் முறையும் எடுக்க வேண்டியிருந்தது. அவள் அதுவரை பக்கத்தைப் புரட்டாமல் காத்திருந்தாள்.

10

பிசியோவிடமிருந்து பதில் வந்தது. எல்லாம் கிடைத்தது, ஒன்பதாம் நோட்டுதான் ரொம்ப உதவியாக இருந்தது, அறுவை சிகிச்சை வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம், நன்றி. சின்னுவைப் பற்றி அதில் இருந்தது அவளுடைய இடுப்பு மட்டும்தான்.

நாலு மாதம் கழித்து சின்னு மறுபடி விளையாட வந்தாள். அன்று நானும் அங்கே இருந்தேன். முதல் குழி. பந்து உள்ளே விழுந்தது. அவள் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து பந்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள், ஒன்றுமே நடக்காத மாதிரி. அடுத்த அடியில் இடது பாதம் வைத்த இடத்தில் நின்றது.

அக்காவைப் பார்த்தேன். சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். பட்டாள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கொஞ்ச நேரத்தில் அவள் திரையை உற்றுப் பார்க்க ஆரம்பித்தாள், மங்கலான எழுத்தைப் படிக்கிறவள் மாதிரி. தோளைப் பார்த்தாள். முழங்காலைப் பார்த்தாள். கழுத்தைப் பார்த்தாள்.

"ஒன்னும் தெரியல," என்றாள். "நல்லா இருக்கிற உடம்புல ஒன்னும் தெரியாது."

நோவு இருந்தவரை அந்த உடம்பு அவளிடம் பேசிக்கொண்டிருந்தது. எத்தனை ஆயிரம் மைல் தள்ளி இருந்தாலும் ஒரு பாதத்தின் வழுக்கலில் சேதி வந்தது. இப்போது அது குணமாகிவிட்டது. அந்தப் பக்கத்தைப் படித்தாளா, படித்துவிட்டு என்ன நினைத்தாள், அக்காமேல் கோபமா, அக்கா இருக்கிறாளா செத்தாளா என்ற நினைப்பாவது உண்டா, எதுவும் அந்த உடம்பில் எழுதியிருக்கவில்லை. உலகத்தில் மற்ற ஆயிரக்கணக்கானவர்கள் பார்க்கிற மாதிரியே அக்காவும் பார்த்தாள். வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு பெண், நன்றாக விளையாடினாள்.

அக்காவின் எண் இன்னும் தடுக்கப்பட்டுத்தான் இருக்கிறது. மாதத்துக்கு ஒருமுறை ஏதாவது அனுப்பிப் பார்க்கிறாள். ஒற்றைக் குறி. அதைப் பற்றி அவள் வருத்தப்படுவதாகத் தெரியவில்லை. நம்பர் கொடுத்தாளே, அது போதும் என்கிறாள். வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். வெளுப்புக் கடைக்காரர் வரை தெரியும். "முடியாதப்போ என்னைத்தான் தேடினா" என்பதாக அந்த வாக்கியம் வளர்ந்திருக்கிறது.

11

முடிவு எழுதிப் பார்த்தேன்.

(அ) ஒருநாள் காலை அந்த ஐந்து படியிலும் இறங்கி சின்னு வருகிறாள். இரண்டு பக்கம் எழுதினேன், வசனம்கூட நன்றாக வந்தது. பிறகு அவள் வாசலில் நிற்கிற இடத்தில் பேனா நின்றுவிட்டது. கையைக் கட்டிக்கொண்டா, சுவரைப் பிடித்துக்கொண்டா? தெரியாத ஒருத்தியை வாசலில் நிற்கவைக்க எனக்கு அதிகாரமில்லை. கிழித்தேன்.

(ஆ) இரண்டாவது குறி விழுகிறது. இதை எழுத ஒரு வரி போதும். அதனால்தான் நம்பவில்லை.

(இ) ஏழாம் பகுதியை எடுத்துவிடுவது. எட்டில் எனக்கு வந்த செய்தியையும் எடுத்துவிட்டால் கதை சுத்தமாக ஓடுகிறது. பகுதி எண்களை மாற்றிப் படித்துப் பார்த்தேன், ஒரு தையல்கூடத் தெரியவில்லை. தங்கைக்கு உடம்பு முடியாதபோது அக்காவைத் தேடினாள் என்ற கதையாக அது மாறிவிடுகிறது. நல்ல கதை. பலருக்குப் பிடிக்கும். அக்காவுக்கு ரொம்பப் பிடிக்கும்.

12

நான் எழுதுகிறவன் என்று தெரிந்தபோது அக்கா ஒரு நிபந்தனை போட்டாள். என்னைப் பற்றி எழுதினால் முதலில் எனக்குக் காட்ட வேண்டும், நான் சரி என்றால்தான் அச்சுக்குப் போக வேண்டும். வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

நாளைக்குத் திங்கட்கிழமை. காலை ஏழு மணிக்கு எனக்குப் பயிற்சி. காகிதங்களைப் பையில் வைத்துவிட்டேன். ஏழாம் பகுதி உள்ளேதான் இருக்கிறது. இரண்டு முறை வெளியே எடுத்தேன், இரண்டு முறையும் உள்ளே வைத்தேன். அந்தப் பக்கத்தை அவள் முழுசாக அனுப்பியிருக்கிறாள். நான் எப்படி அரைப்பக்கம் கொடுப்பது? ஆனால் இதைப் படித்து முடிக்கும்போது அவளிடம் இருக்கிற ஒரே ஒரு சொத்து, அவதான் நம்பர் குடுத்திருக்கா என்பது, போய்விடும். பறித்தவன் நான். ஒருவேளை அதோடு சேர்த்து, வாரத்தில் மூன்று நாள் என் முதுகில் ஒரு மனிதக் கை படுகிற ஒரே இடமும் எனக்கு இல்லாமல் போகலாம்.

அவள் அந்த ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்து படிப்பாள். நான் நிற்க வேண்டும், வேறு நாற்காலி இல்லை. அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

உங்களுக்கு என்னைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். இது உங்கள் கையில் இருக்கிறது என்றால், அவள் சரி என்று சொல்லியிருக்கிறாள். ஏழாம் பகுதியோடு இருக்கிறது என்றால், எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் சொல்லியிருக்கிறாள். அந்தச் 'சரி'யை எந்த முகத்தோடு சொன்னாள், சொல்லிவிட்டு என்னை விரிப்பில் படுக்கச் சொன்னாளா, வாசலைக் காட்டினாளா, அதை நீங்கள்தான் எழுதிக்கொள்ள வேண்டும். எனக்கு நாளைக் காலை ஏழு மணி இன்னும் ஆகவில்லை.